அந்தத் துணைத் தலைவருக்கு என் கடிதம் தேவைப்படவில்லை

ஊரக வளர்ச்சித் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பயன்படும்படி ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கோர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று நம் சங்க மலருக்காகக் கேட்டார்கள். நானும் முதலில் மற்றவர்களைப் போலவே தொடங்கினேன். கண்மாய்க் கரை உடைப்பெடுத்தபோது மணல் மூட்டை அடுக்கியது, குடிநீர்த் தொட்டி ஒன்றைக் குறித்த நாளுக்குள் கட்டி முடித்தது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். அவை நடந்தவைதான். ஆனால் அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அவை நடந்திருக்கும். நான் இருந்த காரணத்தால் மட்டுமே நடந்தது ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன்.

அதற்கு அமெரிக்காவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மதுரையில் கல்லூரியில் வரலாறு படித்தவன் நான். அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு தாள். உடன் படித்தவர்கள் ஜனாதிபதிகளைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தார்கள். எனக்கு ஏனோ துணை ஜனாதிபதிகள்மேல் ஒரு பிடிப்பு. அவர்களை யாரும் படிப்பதில்லை என்பதே காரணமாக இருக்கலாம். அந்தப் பதவிக்கு வேலை என்று பார்த்தால் மிகக் குறைவு. மேலவைக்குத் தலைமை தாங்கலாம், ஆனால் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. இரு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும் ஓர் ஓட்டுப் போடலாம். பெரும்பாலும் கட்சிக்குள் முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தைச் சமாதானப்படுத்தவே ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். ஆனால் ஜனாதிபதி இறந்து, அந்த மறக்கப்பட்ட மனிதர் ஒரே நாளில் நாட்டின் தலைவரானது எட்டு முறை நடந்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு, தன் நாடு அணுகுண்டு செய்துகொண்டிருக்கும் விவரமே பதவியேற்ற பிறகுதான் முழுதாகச் சொல்லப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த எட்டில் முதலாமவரின் கதை. தலைவர் இறந்து துணைத் தலைவர் வருவது அதுவரை நடந்ததே இல்லை. ஆகவே பலர் அவரை ஜனாதிபதியாக ஏற்கவில்லை. 'பொறுப்பு ஜனாதிபதி' என்று முகவரி எழுதிக் கடிதம் அனுப்பினார்கள். அவர் அந்த உறைகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.

துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்த ஆண்டுகளில், ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எப்போதும் என் தலையில் கட்டிவிடுவார்கள். தயிர்சாதம் சாப்பிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களைத் தூங்காமல் வைத்திருக்க இந்தக் கதைகளைத்தான் சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள். "நம்மூரு கோயில் பூசாரிக்கே அதைவிட அதிகாரம் இருக்கே சார்" என்பார் யாராவது. நானும் சிரிப்பேன்.

இனி, கதை நடந்த ஊராட்சி. பெயர் வேண்டாம். கீழக்குயில்குடி தாண்டி, சமணர் மலை கிழக்கே தெரியும் சமவெளி ஊர். ஒன்பது வார்டுகள். தலைவராக வேலுச்சாமி என்ற விவசாயி வென்றிருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். துணைத் தலைவரை உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நடத்தித் தர நான் போயிருந்தேன்.

ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதில் நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் இன்னொரு பக்கம். பங்காளிகள்தான், ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை. ஒன்பதாவது ஆள் முத்துலட்சுமி. கிழக்குத் தெருக்காரர். அந்தத் தெருவில் முந்தைய தலைமுறை முழுவதும் இதே குடும்பங்களின் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அவரோ கப்பலூரில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். அப்போது நாற்பது வயதிருக்கும். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் கம்பெனியின் நீலக் கோட்டோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒருவர் சலித்துப்போய்ச் சொன்னார்: "இந்தா பாருங்கப்பா, ஒங்க ஆளும் வேணாம், எங்க ஆளும் வேணாம். அந்தப் புள்ளையவே போட்டுவிட்ருவோம். அது யாரையும் எதுத்துப் பேசாது."

எதிர்ப்பக்கம் உடனே ஒப்புக்கொண்டது. முத்துலட்சுமி எழுந்து நின்று என்னைக் கேட்டார். "நான் என்ன செய்யணும் சார்?"

"காட்டுற எடத்துல கையெழுத்துப் போடணும்மா, அவ்வளவுதான். துணைத் தலைவர்ல வேற என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். 'ஏகமனதாகத் தேர்வு' என்று எழுதினேன். தகராறு இல்லாமல் முடிந்ததற்காக அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதன்பின் அவருடைய பதவி வேன் நிறுத்தத்தில்தான் நடந்தது. நம் ஊராட்சிகளில் பல காகிதங்களுக்குத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும் அல்லவா? ஊராட்சி செயலர் காலையில் கம்பெனி வேன் வரும் இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். முத்துலட்சுமி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேன் ஏறுவார். என்ன காகிதம் என்று கேட்டால், "லேட்டாகுதுல்ல, போடுங்கக்கா" என்பாராம் செயலர்.

ஆனால் பயிற்சி வகுப்புக்கு அவர் தவறாமல் வந்தார். கடிதங்களைத் திருப்பி அனுப்பிய அமெரிக்கர் கதையைச் சொன்னபோது அவர் ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டார்.

"ஏன் சார் பிரிக்காமத் திருப்புனாரு? உள்ள என்ன இருக்குன்னாச்சும் பாத்திருக்கலாம்ல?"

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டுச் சொன்னேன். "அந்தப் பதவி அவருக்கு யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லம்மா. சட்டம் கொடுத்தது. தலைவர் இறந்த நிமிஷமே அது அவரோடது. இன்னொருத்தர் கடிதம் எழுதித்தான் வரணும்னு இல்ல. அந்த உறையைப் பிரிச்சா, அதுல எழுதியிருக்கிற பேரை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். என் பதில் எனக்கே பிடித்திருந்தது.

மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் வேலுச்சாமி நெஞ்சு வலி என்றார். மதுரைக்குக் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டார்.

தலைவர் பதவி காலியானால், இடைத்தேர்தல் நடந்து புதியவர் வரும்வரை தலைவரின் பணிகள் துணைத் தலைவரைச் சேரும். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. நம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போகும். சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் இன்னாரிடம் ஒப்படையுங்கள் என்று செயலருக்குச் சொல்லி, துணைத் தலைவருக்கும் எழுதுவோம். அது ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைத் தெரிவிக்கும் தகவல், அவ்வளவே. வழக்கமாக இரண்டு நாளில் அனுப்பிவிடுவோம்.

மூன்றாம் நாள், வேலுச்சாமியின் தம்பி சுந்தரம் என்னைப் பார்க்க வந்தார். தலை மழித்திருந்தார். எனக்கும் வருத்தம்தான். காபி வரவழைத்தேன்.

"சார், அண்ணனுக்கு இன்னும் காரியம்கூட முடியல. அதுக்குள்ள சாவிய வாங்கி அந்தப் புள்ள கையில குடுத்தா எங்காளுகளுக்குச் சங்கடமா இருக்கும்."

"சட்டப்படி அவங்கதானே, சுந்தரம்."

"நான் இல்லேன்னா சொல்றேன்? பதினாறு முடியட்டும். ஆபீஸ் எங்க ஓடியா போகப்போகுது?"

துக்கத்தில் இருப்பவர் கேட்கும் நியாயமான வேண்டுகோளாகத்தான் அது எனக்குப் பட்டது. சரி என்றேன். பதினாறு நாள் முடிந்தது. சுந்தரம் மறுபடியும் வந்தார். இந்த முறை காபி வேண்டாம் என்றவர், மறைக்காமலே சொன்னார்.

"இடைத்தேர்தல்ல நான் நிக்கப் போறேன் சார். அதுக்குள்ள அந்தப் புள்ள பேருல ஊருக்குள்ள ஒரு வேலை நடந்துச்சுன்னு வையுங்க, நாளைக்கு அதுவும் ஓட்டுக் கேட்டு வரும். ஒங்களை ஒன்னும் செய்யச் சொல்லல. சும்மா இருங்க, போதும்."

நீங்கள் நினைப்பது போல எதுவும் கைமாறவில்லை. மிரட்டலும் இல்லை. அவர் கேட்டது மிகச் சிறியதாக இருந்தது. கடிதம் என் மேசையிலேயே இருந்தது. கையெழுத்துப் போடாமல் இருந்தேன்.

ஆவணியில் முத்துலட்சுமி அலுவலகத்துக்கு வந்தார். வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உதவியாளர் என்னிடம் வந்து, "துணைத் தலைவராம் சார், பாக்கணுமாம்" என்றார். எந்த ஊர் என்று தெரிந்துகொண்டே, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டேன்.

அவர் கேட்க வந்ததை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்குத் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் கப்பலூருக்கு வேலைக்குப் போனார்கள். காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் ரோட்டில் நிற்கும். தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய். அது காய்ந்து கிடக்கும்போது இறங்கி ஏறினால் ஐந்து நிமிடம். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடினால் கண்மாய்க் கரையைச் சுற்றி முக்கால் மணி நேரம். இருட்டில் கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுக் கிளம்பி வருவதற்குள் வேன் போய்விடும். ஒவ்வோர் ஆண்டும் மழை மாதங்களில் பாதி நாள் வேலை போகும். அந்த ஆண்டு கம்பெனி மேஸ்திரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். மழைக்கு நிற்பவர்கள் அப்படியே நின்றுகொள்ளலாம், அந்த நிறுத்தத்துக்கு இனி வேன் வராது என்று.

"நாலு சிமெண்டுக் குழாய் சார்" என்றார் முத்துலட்சுமி. "தலைவரு வேற எதுக்கோ வாங்குனது. ஊராட்சி ஆபீஸ் பக்கத்துல ரெண்டு வருசமா சும்மா கெடக்கு, ஆடு படுத்துத் தூங்குது. அதை எடுத்துக் கால்வாய்ல எறக்கி, மேல மண்ணத் தள்ளுனாப் போதும். எங்க தெரு ஆம்பளைகளே செஞ்சிருவாக. காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை வருதுல்ல, அதுல ஒரு தீர்மானம் போட்டாச் சரியாப் போகும். நீங்க லெட்டர் குடுத்தீகன்னா செயலரு சாவியத் தருவேங்குறாரு."

"வரும்மா. ரெண்டு நாள்ல வந்துரும்."

அவர் நாலு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். நாலாவது முறை, செப்டம்பர் கடைசியில், எழுந்து போகும்முன் நின்று கேட்டார்.

"லெட்டர் இல்லாமலே நான்தானே சார் இப்பத் தலைவரு? அன்னைக்கு வகுப்புல நீங்க சொன்னீகளே."

மேசைமேல் இருந்த ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடியும் மாட்டினேன். "சட்டப்படி நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா நடைமுறைன்னு ஒன்னு இருக்குல்ல."

அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கிராம சபைக்கு அவரே அறிவிப்பு எழுதினார். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் படம் ஒட்டும் சார்ட் தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார். வேலை முடிந்து வந்து மூன்று நாள் மாலையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். விவசாயக் குடும்பத்துத் தெருக்களையும் விடவில்லை. சுந்தரம் செயலரைக் கூப்பிட்டு, "மாப்ள, அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சலு" என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. செயலர் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார்.

ஒவ்வொரு கிராம சபைக்கும் நம் அலுவலகத்திலிருந்து ஒருவரைப் பற்றாளராக அனுப்புவோம். அவர் பார்த்துப் பதிவு செய்தால்தான் கூட்டம் நடந்ததாகக் கணக்கு. அந்த ஊருக்குப் போயிருந்தவர் உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்த இளைஞர். பதினொன்றரை மணிக்கு என் கைபேசி அடித்தது.

"சார், ஊராட்சி ஆபீஸ் பூட்டியிருக்கு. ஆனா ரேஷன் கடை முன்னாடி கூட்டம் கூடியிருக்காங்க. நூறு பேருக்கு மேல இருக்கும். அந்த அம்மா என்னைக் கூப்பிடுறாங்க. அங்க போகட்டுமா சார்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதை எழுதுவதே இதற்காகத்தான்.

அவர் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவே ஐந்து விநாடி இருந்திருக்கலாம். அந்த ஐந்து விநாடியில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கூட்டம் கூட்டியவருக்கு அதிகாரம் உண்டு என்பது தெரியும். வேறு இடத்தில் நடந்தாலும், கூட்டம் கூட்டமே என்று வாதாட இடம் உண்டு என்பது தெரியும். 'போங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாலையில் சுந்தரம் வருவார். என்ன சார் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்பார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருவர் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதைத் தாங்க அன்று எனக்கு மனம் இல்லை. தப்புச் செய்வதற்குப் பெரிய காரணம் வேண்டும் என்று நானும் உங்கள் வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டம் வழக்கமா எங்க நடக்கும்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல சார்."

"அங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார், பூட்டியிருக்கு. ஆனா..."

"இல்லைன்னா இல்லைன்னு எழுதிட்டு வாங்க."

 "சரிங்க சார்" என்றார் அவர்.

கிராம சபை நடைபெறவில்லை என்பது அன்றைய பதிவு. அதே நேரம் இருநூறு அடி தள்ளி அது நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் முத்துலட்சுமி நீலக் கோட்டோடு வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தீர்மானம். நாலு குழாய்களையும் கால்வாயில் பதித்துப் பாதை அமைப்பது என்று. பிறகு பக்கம் பக்கமாகக் கையெழுத்துகளும் ரேகைகளும். விவசாயக் குடும்பத்துப் பெயர்களும் அதில் இருந்தன.

"அம்புட்டுப் பேரும் வந்தாக சார். ஒங்க ஆபீஸ் தம்பிதான் டீக்கடை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாரு. தீர்மானப் புத்தகத்தப் பூட்டி வச்சுட்டாக, அதான் நோட்டுல எழுதியிருக்கு. எழுத்து நல்லாருக்கா பாருங்க, எம் மக எழுதுனது."

எழுத்து நன்றாக இருந்தது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றேன்.

என் முதல் அதிகாரி, நான் இளநிலை உதவியாளராக இருந்தபோது, எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். திறமையானவர் என்று பெயரெடுத்தவர். "முடிவெடுக்க இஷ்டமில்லையா, அறிக்கை கேளுப்பா" என்பார். "மாட்டேன்னு எழுதினா எதிர்த்துக் கேப்பான். சரின்னு எழுதினா இன்னொருத்தன் கேப்பான். அறிக்கை கேட்டவனை எவனும் ஒன்னும் கேக்க முடியாது." அவர் தன் மேசையை எப்போதும் சுத்தமாக வைத்திருந்தார். அவருக்குக் கீழே இருந்த நாங்கள் அதை ஒரு சாமர்த்தியமாக நினைத்துப் பழகிக்கொண்டோம்.

அன்று மாலை நோட்டை ஒரு கோப்பில் வைத்து, ஓரத்தில் எழுதினேன்: 'கூட்டம் நடைபெற்றதா என்பது குறித்து ஊராட்சி செயலரிடம் அறிக்கை பெற்றுச் சமர்ப்பிக்கவும்.'

பூட்டிவிட்டுப் போனவரிடமே அறிக்கை. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. எந்தத் தணிக்கையிலும் அது நிற்கும். செயலரிடமிருந்து அறிக்கை வரவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. ஒரு நாள் காலை ஆய்வுக்காக அந்தப் பக்கம் ஜீப்பில் போனேன். தூறல். கால்வாயில் தண்ணீர் இடுப்புக்கு ஓடியது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்துகொண்டிருந்தார்கள். நீலக் கோட்டையும் சாப்பாட்டுப் பையையும் சுருட்டித் தலைமேல் வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டு வந்தவர் முத்துலட்சுமி. பின்னால் வந்த ஒரு பெண், "தலைவரே, பாத்துப் போங்க, தலைவர் பதவி தண்ணியில போயிரப் போகுது" என்று கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ரோட்டில் வேன் இல்லை. போய்விட்டிருந்தது.

"நிறுத்தவா சார்?" என்றார் டிரைவர்.

"வேணாம். நேரமாச்சு."

கார்த்திகை பிறப்பதற்குள் அந்த நிறுத்தத்துக்கு வேன் வருவது நின்றது. பன்னிரண்டு பேருக்கும் வேலை போனது. கடைசியாக நின்றவர் முத்துலட்சுமி. வேன் நின்ற பிறகும் பத்து நாள் அவர் மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன்.

இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது. அறிவித்துவிட்டால் தேர்தல் முடியும்வரை ஊராட்சியில் புது வேலை எதையும் தொடங்க முடியாது. அது வந்த மறுநாள், நாலு மாதமாக மேசையில் கிடந்த கடிதத்தில் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இனி அதனால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. கோப்பில் ஒரு குறையும் இருக்கக்கூடாது, எனக்கு வேண்டியது அதுதான். உறைமேல் 'துணைத் தலைவர் (தலைவர் பொறுப்பு)' என்று எழுதச் சொன்னேன்.

ஆறாம் நாள் அந்த உறை என் மேசைக்குத் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. முகவரிக்குக் கீழே நீல மையில் இரண்டு வரி. எழுத்து மகளுடையது இல்லை, அவருடையதே. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. ஆடி மாதமே நான் தலைவர்.'

அறைக்கதவைச் சாத்திவிட்டு, நான் எழுதிய கடிதத்தை நானே பிரித்துப் படித்தேன். 'தங்களிடம் தலைவரின் பொறுப்புகள் இதனால் ஒப்படைக்கப்படுகின்றன' என்று தொடங்கியது. என்னிடம் இல்லாத ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

இடைத்தேர்தலில் முத்துலட்சுமி நிற்கவில்லை. சுந்தரம் வென்றார். மாசி மாதம் அதே நாலு குழாய்களைக் கால்வாயில் பதித்தார். பக்கச் சுவரில் அவர் பெயர் பெயிண்டில் எழுதப்பட்டது. நல்ல உறுதியான வேலை. இன்றும் இருக்கிறது. ஆனால் வேன் அந்தப் பக்கம் திரும்ப வரவில்லை. முத்துலட்சுமி மீதிக் காலமும் துணைத் தலைவராகவே இருந்தார். எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று செயலர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த நோட்டு இருந்த கோப்பை, நான் ஓய்வு பெற்ற நாளில், நிலுவைப் பட்டியலில் ஒன்றாக அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். அறிக்கைக்காகக் காத்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது நீளமானதல்ல. ஒருவருக்குச் சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதை நம் கடிதத்துக்காகக் காக்கவைக்காதீர்கள். கடிதம் தாமதமானால், அது இல்லாமலே செய்யலாம் என்று வாயால் சொல்லுங்கள். அறிக்கை கேட்கும்போது, யாரிடம் கேட்கிறோம் என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். களத்தில் இருக்கும் ஓர் இளைஞர் போனில் "அங்கே போகட்டுமா" என்று கேட்டால், அவர் ஏற்கெனவே சரியான பதிலோடுதான் கேட்கிறார். நீங்கள் அந்த இளைஞராக இருந்தால், கேட்காமலே போங்கள்.

ஓய்வுக்குப் பிறகு கோச்சடையில் இருக்கிறேன். நாலு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. சென்ற பங்குனியில் போனேன். முத்துலட்சுமி ரோட்டோர நாற்றுப் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறார். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பும் வேலை. கம்பெனிச் சம்பளத்தில் பாதிதான் வரும். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க சார். வெயில்ல எதுக்கு வந்தீக? செடி எதுவும் வேணுமா?"

செடி வேண்டாம் என்றேன். அன்று போன் வந்ததைச் சொன்னேன். போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றேன். அவர் மறுபடியும் உட்கார்ந்து ஒரு பையில் மண்ணை அள்ளிப் போட்டு, விரலால் அமுக்கினார்.

"தெரியும் சார். அந்தத் தம்பி மறுவாரமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போச்சு. அழுதுருச்சு பாவம்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

யோசித்துப் பார்த்தேன். "அறிக்கை கேட்டிருப்பேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பண்ணையில் இருந்த மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அடுத்த பையை எடுத்தபடி கேட்டார்.

"ஆமா சார், லெட்டரத் திருப்பி அனுப்புனாருன்னு அமெரிக்காக்காரரு ஒருத்தர் கதை சொன்னீகளே. பெறகு அவரு என்ன ஆனாருன்னு சொல்லவே இல்லையே?"

"சொந்தக் கட்சியே அவரை வெளியே தள்ளிருச்சு. அடுத்த தடவை அவரால ஜெயிச்சு வர முடியல."

"அது கெடக்கட்டும். செத்தவரு விட்டுட்டுப் போன மிச்சக் காலம்?"

"அந்த மிச்சக் காலம் முழுக்க அவர்தான் ஜனாதிபதி. ஏறக்குறைய நாலு வருஷம்."

"ஆபீஸ் சாவி அவருகிட்டயே இருந்துச்சா?"

"இருந்தது."

அவர் நிரப்பிய பையை வரிசையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப அவரு கதை வேற சார்" என்றார்.